மேல் அறையில் கைத்தட்டல்

அத்தியாயம் 11

விடிவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிட்டது.

அக்கா அடுப்படியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல். தம்பி விடியல் தொழுகையான சுபுஹைத் தொழவைத்துக்கொண்டிருந்தான். செங்கல்லைத் தாண்டி வரும்போது அவன் குரல் கொஞ்சம் மெலியும். ஆனால் ஓர் எழுத்து சிதறாது. நீளமான வசனம் ஒன்றின் பாதியில் அந்தக் குரல் நின்றது.

அவள் கையில் இருந்த கரண்டியும் நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலேயிருந்து, பெண்கள் தொழும் அறையிலிருந்து, புறங்கையில் கை படுகிற சத்தம். மெத்தென்று இரண்டு தட்டு. தம்பி வசனத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனான். தடையில்லாமல் ஓதி முடித்தான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மேல் அறையின் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இன்னொரு சாவி கிடையாது.

இத்தனை வாரமும் கூடவே வந்தவர்கள் இந்த இடத்தில் எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை.

அந்த ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் சொற்பம். எல்லோரும் சேர்ந்து வந்தாலும் ஒரு கல்யாண மண்டபம் நிறையாது. பழைய அச்சகம் ஒன்றை வாங்கிப் பள்ளிவாசல் ஆக்கியிருந்தார்கள். இயந்திரங்கள் ஓடிய கீழ்க்கூடத்தில் ஆண்கள் தொழுகிறார்கள். பின்னால் இரண்டு அறைகளில் மதரஸா. காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்த பலகைத் தரை மாடி, பெண்களுக்கு. வெள்ளிக்கிழமை தவிர அங்கே யாரும் ஏறுவதில்லை.

இமாம்கள் வெளியூரிலிருந்து வருவார்கள், ஊர் பிடிபடுவதற்குள் போய்விடுவார்கள். இத்தனைக்கும் அங்கே இமாம் என்றால் தொழவைப்பவர் மட்டுமில்லை. கல்யாணத்துக்கு அவர், மையத்து அடக்கத்துக்கு அவர், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு அவர், நகராட்சிக்கு மனுக் கொடுக்கவும் அவர்தான். ‘வந்தவன் போனவனை நம்பினால் ஆகாது, நம் பிள்ளை ஒருவனையே ஆலிமாக்குவோம்’ என்று ஜமாஅத் கூடி முடிவெடுத்தது. பாங்கு சொல்லும் மோதினாரின் மகனைத் தூரத்து மதரஸாவுக்கு அனுப்பியது. ஏழு வருஷம் ஓதி, குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏற்றி, ஆலிமாகவும் ஹாபிழாகவும் அவன் திரும்பி வந்திருக்கிறான். அவன்தான் தம்பி. ஊர் அவனைச் ‘சின்ன ஹஸ்ரத்’ என்று பாதி மரியாதையாகவும் பாதி கிண்டலாகவும் கூப்பிடுகிறது.

அவன் திரும்பி வந்தபோது வீட்டில் அம்மா இல்லை. போன வருஷமே மௌத்தாகிவிட்டாள். சேதி போய்ச் சேர்வதற்குள் இங்கே அடக்கம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அவன் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு சொட்டு அழுததுமில்லை.

அந்தத் தட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஓதும்போது இமாம் தவறினால், பின்னால் நிற்கும் ஆண்கள் சரியான வசனத்தைச் சத்தமாக எடுத்துக் கொடுப்பார்கள். பெண்கள் குரல் எழுப்ப மாட்டார்கள். வலது கை விரல்களால் இடது புறங்கையில் தட்டுவார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் இருவருக்கும் வீட்டில் முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவள் அம்மா. அவள் பழக்கம் இரண்டு தட்டு. முதல் தட்டு ‘நில்’, இரண்டாவது ‘திரும்பிப் போ’.

தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் அக்காவுக்கு உணர்வு வந்தது.

*

அவள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். பின்பக்க அறையில் உட்கார்ந்து கண்ணாடி வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்ப்பாள். மயிரிழை கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் கழன்று விழும். அன்று காலையில் இரண்டு வில்லைகளைக் கெடுத்திருந்தாள்.

ஜமாஅத் தலைவர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். டயர் கடைக்காரர். கைரேகையில் கரி நிரந்தரமாகக் குடியேறியிருக்கும்.

“காதுல நிக்கவே மாட்டேங்குதும்மா. கொஞ்சம் இறுக்கிக் கொடு.”

அவள் திருகாணியை முறுக்கினாள். அதற்காக மட்டும் அவர் கடையை விட்டுவிட்டு வரவில்லை என்று தெரியும். காத்திருந்தாள்.

“வெளியூர் ஹஸ்ரத் இன்னைக்கே வர்றார். சாயங்காலம் மக்ரிபுக்கு.”

“வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்களே மாமா?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் ஜமாஅத் மிஞ்சணுமே. இன்னைக்கு சுபுஹுக்கு ஒரு வரிசைகூட நிறையலை. மேலே ஜின்னு இருக்குங்கிறான் ஒருத்தன். பையனுக்கு மனசு சரியில்லைங்கிறான் இன்னொருத்தன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?” அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் டயர் விக்கிறவன். எந்த ஓட்டையில காத்து போகுதுன்னு தடவிப் பாத்தே சொல்லிடுவேன். இந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு எனக்குப் புரியலைம்மா.”

அவள் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஹஸ்ரத் பின்னாடி நின்னு கேப்பார். சரின்னு சொல்லிட்டார்னா நாளைலேருந்து அவன்தான் இமாம், மதரஸாவும் அவன் பொறுப்பு. இல்லேன்னா பழையபடி வெளியூர்லதான் ஆள் தேடணும். மதரஸாவையும் மூடிட வேண்டியதுதான். சொந்தப் பிள்ளையை ஓதவெச்சு என்னத்தைக் கண்டோம்னு இப்பவே கேக்கறாங்க.” கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். “நின்னா யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சோதனைன்னா சோதனைதான்.”

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“மேல் அறைச் சாவி உன்கிட்டதானே இருக்கு?”

“என்கிட்டதான் மாமா.”

“அதான் கேட்டேன்” என்று சொல்லி, புதிதாக இறுக்கிய கண்ணாடி வழியே அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து எடுத்த வில்லையையும் அவள் கெடுத்தாள். காரணம் இருந்தது. முதல் தட்டு அவளுடையது.

தம்பி வந்த புதிதில் ஒரு சாயங்காலம். மேல் அறையைப் பெருக்கப் போனவள், பாங்கு சொல்லிவிட்டதால் அங்கேயே நின்று தொழுதாள். குர்ஆனில் சில வசனங்கள் இரண்டு இடங்களில் ஒரே மாதிரி தொடங்கும், வேறு வேறாக முடியும். மனப்பாடம் செய்தவர்கள் மட்டுமே விழக்கூடிய குழி அது. தெரியாதவன் பார்த்து ஓதுவான், விழ மாட்டான். தம்பி விழுந்தான். ஓர் அத்தியாயத்தில் தொடங்கி இன்னோர் அத்தியாயத்துக்குள் நழுவிப் போனான். கீழே ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அந்தப் பாடத்தை இருவரும் அம்மாவிடம் சேர்ந்தே ஓதியிருந்தார்கள். கை தானாகத் தட்டியது. ஒரே ஒரு தட்டு.

தம்பிக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் காய்ச்சலில் வீட்டில் சுருண்டு கிடந்தாள். அன்று தம்பி மறுபடி நின்றான். சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி தட்டு வந்தது. போர்வைக்குள் தன் இரண்டு கையையும் அவள் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

*

மதியத்துக்கு மேல் அனுமதி கேட்டு வீட்டுக்கு வந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு சந்துப் பக்கப் படிக்கட்டில் ஏறினாள்.

அறையில் இன்னும் காகித வாசனை இருந்தது. கீழ்க்கூடத்தைப் பார்க்க மரச்சட்டங்கள் அடித்த ஒரு நீள ஜன்னல். மூலையில் ஒலிபெருக்கிப் பெட்டி. தொழுகை விரிப்புகளைச் சுவரோரம் சுருட்டி வைத்திருந்தாள், வெள்ளிக்கிழமை அவளே சுருட்டியது. ஒன்று மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தது.

யாராவது மறந்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை. குனிந்து அதன் நுனியைப் பிடித்தாள்.

“அதைச் சுருட்டாதே அக்கா.”

உயிர் போய் உயிர் வந்தது. தம்பி வாசலில் நின்றிருந்தான். வெள்ளை ஜிப்பா, மெலிந்த முகம், தூங்காத கண்.

“வர்றவன் ஒரு சத்தம் கொடுத்துட்டு வரக்கூடாதா? இதை விரிச்சது நீயா?”

“சாவி உன்கிட்ட இருக்கு. நான் எப்படி விரிப்பேன்?”

அவள் நுனியை விட்டுவிட்டாள். இருவரும் அந்த விரிப்பை மிதிக்காமல் தள்ளி உட்கார்ந்தார்கள்.

“காலையில ஏன் நின்னே?” என்றாள். “தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற பாடமாச்சே அது.”

“மறக்கலை.”

“பின்னே?”

“நின்னேன்.”

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“வேணும்னே நின்னியா?”

“முதல் தடவை இல்லை. அன்னைக்கு நிஜமாவே தடம் மாறிட்டேன். அப்புறம்…” பலகையின் இடுக்கை விரலால் கீறினான். “நின்னா தட்டறாங்க அக்கா. நிக்காம ஓதினா தட்டறதில்லை. நான் என்ன செய்யட்டும்?”

“யார் தட்டறாங்க?”

அவன் விரிப்பைப் பார்த்தான்.

அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடக் கோபம் நல்லது என்று தோன்றியதால் அதையே பிடித்துக்கொண்டாள். “தொழுகையில நின்னு விளையாடறியா? ஏழு வருஷம் ஓதி இதைத்தான் கத்துட்டு வந்தியா? உன்னை நம்பிப் பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க?”

“அவங்க தொழுகை எல்லாம் என் கழுத்துலதான் இருக்கு. அது எனக்குத் தெரியாதா? நான்தானே அந்தப் பாடத்தைப் பிள்ளைங்களுக்கு நடத்தறேன். தெரியுது. தெரிஞ்சும் நிக்கிறேன். அதுதான் பயமா இருக்கு.”

இனி மறைத்துப் பயனில்லை. “அந்த முதல் நாள் தட்டினது நான்தாண்டா” என்றாள்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“உன் தட்டு எனக்குத் தெரியாதா? நீ ஒண்ணுதான் தட்டினே. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் ரெண்டு.”

கீழே மதரஸாவில் பாடம் தொடங்கியிருந்தது. பல குரல்கள் கலந்து பலகைத் தரை வழியே கால்களுக்குள் ஏறின. அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அது அவன் சிறு பிள்ளையாக இருந்தபோது இருந்த மாதிரியே ஒல்லியாக இருந்தது. அவன் அழுதிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள், இந்த வறண்ட கண்ணைத்தான் பார்க்க முடியவில்லை.

“இன்னைக்கு நிக்காதே. ஒரே ஒரு நாள். இன்னைக்கு நீ நின்னா உன்னோட போகாது. மதரஸாவை மூடிடுவாங்க. இனி எவனும் தன் பிள்ளையை ஓத அனுப்ப மாட்டான்.”

“சரி.”

“நான் மேலேதான் இருப்பேன். உள்பக்கம் தாழ் போட்டுக்கிறேன். நான் தட்ட மாட்டேன். வேற யாரும் இருக்க மாட்டாங்க. நின்னாலும் உனக்கு ஒண்ணும் கிடைக்காது.”

“சரிக்கா” என்று எழுந்தான். நிலையைத் தாண்டும்போது சொன்னான். “தினமும் நிக்கக் கூடாதுன்னு நினைச்சுட்டுத்தான் உள்ளே போறேன்.”

*

சூரியன் இறங்கியது. அத்தா பாங்கு சொன்னார். வருஷக்கணக்காக மோதினாராக இருந்து பழகிய குரல், அன்று முதல் அடியிலேயே கரகரத்தது. பாவம், அவருக்கும் பெற்ற மனம்தானே.

அக்கா கதவைத் தாழிட்டாள். தாழை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மரச்சட்டங்களின் இடுக்கு வழியே கீழே பார்த்தாள்.

வெளியூர் ஹஸ்ரத் தலைவரின் தோளைப் பிடித்தபடி வந்தார். இரண்டு கண்ணும் தெரியாதவர் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒல்லியான கிழவர். வரிசையில் இடம் பிடித்தவர், குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து முகத்தை மேலே, நேராக மரச்சட்டத்தை நோக்கித் தூக்கினார். பார்க்க முடியாதவர்தான். ஆனாலும் அவள் ஓர் அடி பின்வாங்கினாள்.

தக்பீர் சொல்லித் தொழுகை தொடங்கியது. அவள் நெஞ்சில் கை கட்டினாள். விரிந்து கிடந்த விரிப்பு அவளுக்கு இடப்பக்கம் இருந்தது.

தொழுகையின் முதல் சுற்று, முதல் ரக்அத், ஒழுங்காகப் போனது. ஒலிபெருக்கிப் பெட்டியில் தம்பியின் குரல் தெளிவாக வந்தது. இப்படி அவன் ஓதி அவள் கேட்டதில்லை. இரண்டாவது ரக்அத். அவன் எடுத்தது அந்தப் பழைய பாடம்தான், அம்மாவிடம் சேர்ந்து ஓதியது. இதை ஏன் எடுத்தான்?

குழி வருகிற இடம் வந்தது. அவன் நின்றான்.

கீழே யாரோ இருமினார்கள். அப்புறம் இருமலும் நின்றது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தலைவரின் கட்டளை அப்படி. பெட்டியில் மின்சாரம் மட்டும் மெல்ல இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் தம்பியின் மூச்சு கேட்டது.

தொழுகையில் பெண்கள் கை கட்டுவது வலது கையை இடது கையின் மேல் வைத்துத்தான். தட்ட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே கை இருந்தது. விரலை ஒரு அங்குலம் தூக்கிப் போட்டால் போதும். அவன் பிழைத்துக்கொள்வான், மதரஸா பிழைத்துக்கொள்ளும். ஆனால் இன்றைக்கு அவள் தட்டிவிட்டால், நாளைக்கும் நிற்பான். சாகும்வரை நிற்பான்.

அவள் வலது கையால் இடது கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள். யா அல்லாஹ், நீ பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டாள்.

எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு தம்பி வசனத்தின் தொடக்கத்துக்குப் போனான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஊன்றி, குழியின் விளிம்பில் கால் வைத்து, சரியான பக்கம் திரும்பி, ஓதிக் கடந்தான்.

அவளுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. தட்டு வரவில்லை. யாரும் தட்டாமல் அவனே போய்விட்டான். சஜ்தாவில் நெற்றி பலகையில் பட்டபோது, இதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டாள்.

*

இமாமின் அறை சின்னது. ஹஸ்ரத் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைவர் ஓரமாக நின்றார். அத்தா தேநீர்த் தட்டை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி தரையைப் பார்த்து நின்றான். அக்கா வாசல் திரைக்கு வெளியே நின்றாள்.

“தம்பி நின்னாப்ல” என்றார் பெரியவர். “அதனால என்ன? தெரியாத இடத்துல நிக்காம ஓடறவனைத்தான் நான் நம்ப மாட்டேன். ஊரை நடத்தப் போறவனுக்கு நிக்கத் தெரியணும், திரும்பிப் போகவும் தெரியணும். எனக்குச் சம்மதம். தாராளமா வெச்சுக்கங்க.”

அத்தாவின் தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார் தலைவர், காற்று இறங்கியவராக.

“மேலேருந்து தட்டினதும் பிடிச்சுக்கிட்டாப்ல பாருங்க, அது அழகு” என்றார் பெரியவர்.

திரைக்கு வெளியே அக்காவின் கை கதவு நிலையைப் பிடித்தது.

“யாரு அந்தம்மா? மெதுவா ரெண்டே தட்டு. எங்கே தப்புன்னு தெரிஞ்சு, அந்த இடத்துல தட்டினாங்க. பொம்பளைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த ஆளில்லைன்னு போன்ல சொன்னீங்களே தலைவரே. ஆளை மேலேயே வெச்சுக்கிட்டு வெளியில தேடறீங்களா?”

தலைவரின் முகம் மலர்ந்தது. “மோதினார் பொண்ணுதாங்க. மேலே வேற யாரும் இல்லை.” திரைப் பக்கம் திரும்பினார். “அப்போ இத்தனை நாளும் நீதானாம்மா? நாங்க ஜின்னு, கிஜின்னுன்னு நடுங்கிட்டு இருந்தோமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

ஒரே ஒரு ‘ஆமாம்’ போதும். ஊர் வாய் அடைபடும். சுபுஹுக்கு வரிசை நிறையும். தம்பிக்குப் பதவி, பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு. அம்மா ஆசைப்பட்டுக் கடைசிவரை கிடைக்காத வகுப்பு. பழம் நழுவிப் பாலில் விழுகிறது, வாயைத் திறந்தால் போதும்.

திரையின் இடுக்கு வழியே தம்பி அவளைப் பார்த்தான்.

“முதல் நாள் தட்டினது நான்” என்றாள் அக்கா. “அதுக்கப்புறம் ஒரு நாளும் இல்லை. இன்னைக்கும் நான் தட்டலை மாமா. எனக்குச் சத்தமும் கேக்கலை.”

தலைவரின் முகம் விழுந்தது. “அப்போ யாரு?”

“அப்போ பக்கத்துல நின்னவங்க” என்றார் பெரியவர், சர்வ சாதாரணமாக.

“பக்கத்துல யாரும் இல்லீங்க. நான் உள்ளே தாழ் போட்டிருந்தேன்.”

“பலகைத் தரைம்மா அது. சஜ்தாவுக்குப் போறப்போ முழங்கால் ஊன்ற சத்தம் எனக்கு நல்லாக் கேக்கும். ரெண்டு பேர் இருந்தீங்க.” அவர் தேநீருக்குக் கையை நீட்டினார். “சரி, விடுங்க. சம்மதம்னு சொன்னது சொன்னதுதான். ராத்திரி இஷா தொழுதுட்டுக் கிளம்பறேன்.”

*

சந்தில் தம்பி சுவரில் சாய்ந்து நின்றான். அக்கா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“இன்னைக்கும் வேணும்னுதான் நின்னியா?”

“இல்லைக்கா. சத்தியமா மறந்துட்டேன். எதிர்ல எல்லாம் வெள்ளையாப் போச்சு.”

“உனக்குத் தட்டு கேட்டுச்சா?”

அவன் தலையை ஆட்டினான், இல்லையென்று.

“காத்துட்டு இருந்தேன். வரும் வரும்னு நின்னேன். அந்த ஹஸ்ரத்துக்குக் கேட்டிருக்கு. எனக்குக் கேக்கலை.” அவன் உதடு கோணியது. “வரலைன்னதும் நானே திரும்பிப் போனேன். அக்கா, அம்மா போயிட்டாங்க.”

ஒரு வருஷமாக அவன் வாயிலிருந்து வராத வார்த்தை அது. சொல்லி முடித்ததும் உடைந்தான். ஜமாஅத்தின் புது இமாம், சந்துச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையைப்போல் கேவிக் கேவி அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அவளுக்குத் துக்கமும் நிம்மதியும் ஒன்றாகவே வந்தன. எதற்காக அழுகிறாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

இஷா பாங்குக்குள் அவன் முகம் கழுவி, ஒளூச் செய்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? தலைவர் வீட்டுக்குப் போன் செய்ததுதான் தாமதம், வெள்ளிக்கிழமைகூட வராத பெண்களெல்லாம் படிக்கட்டில் ஏறி வந்துவிட்டார்கள். பயம் பாதி, ஆசை பாதி. இருந்த விரிப்புகள் போதவில்லை. அக்கா ஜன்னலோரம் தன் பழைய இடத்தில் நின்றாள்.

கடைசியாக ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், இந்த மாதம்தான் ஊருக்குக் குடிவந்தவள். வேலை முடிந்து நேராக வருகிறாள். தட்டு, ஜின்னு எதுவும் அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. வரிசையைப் பார்த்துவிட்டு அக்காவின் இடப்பக்கம் வந்து, ஓர் ஆள் இடம் விட்டு நின்றாள்.

தொழுகை வரிசையில் இடைவெளி விடக்கூடாது, தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும். கீழே தம்பியும் பெட்டியில் அதைத்தான் சொன்னான், தெளிந்த குரலில். “வரிசையைச் சேர்த்து நில்லுங்க. நடுவுல இடம் விடாதீங்க.”

“இப்படி நெருங்கி வாங்கம்மா” என்றாள் அக்கா.

நர்ஸ் அவளை ஒரு தரம் பார்த்தாள். அவர்கள் நடுவே இருந்த இடத்தையும் பார்த்தாள். யாருடைய மனதும் நோகக் கூடாது என்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நான் எப்படி வர்றது? இந்தம்மா நிக்கிறாங்களே” என்றாள்.

கீழே தம்பி தக்பீர் சொன்னான்.